எந்தப் பாஞ்சோ வாங்குவது? முதலில் வலது கையைக் கேளுங்கள்

கேள்வி இதுதான்: "கிடார் சுமாராக வாசிப்பேன். பாஞ்சோ கற்றுக்கொள்ள ஆசை. தேடிப் பார்த்தால் நாலு கம்பி, ஐந்து கம்பி, ஆறு கம்பி, முதுகு மூடியது, மூடாதது என்று வகைவகையாக இருக்கிறது. இதில் எது உண்மையான பாஞ்சோ, எதை வாங்குவது, எப்படி வாசிப்பது?"

எல்லாமே உண்மையான பாஞ்சோதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்குப் பிறந்தது. பலரும் கம்பி எண்ணிக்கையை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, எந்த இசையைக் கேட்டு உங்களுக்கு இந்த ஆசை வந்தது என்பதைத்தான். அந்த இசையில் வலது கை என்ன செய்கிறதோ, அதுதான் உங்களுக்கு எந்த வாத்தியம் வேண்டும் என்று முடிவு செய்யும். இந்த வரிசையை மாற்றிப் போட்டு, முதலில் வாத்தியத்தை வாங்கிவிட்டு அப்புறம் இசையைத் தேடியவர்களின் பாஞ்சோக்கள் பரண் மேல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வட கரோலினாவில் குடியேறிய பிறகு நானும் அந்தத் தவறைத்தான் முதலில் செய்தேன். அயர்லாந்து இசைக்கான நாலு கம்பி வாத்தியத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அமெரிக்க மலைப்பாட்டின் ஒலி அதில் வரவில்லையே என்று ஆறு மாதம் முட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். நம் ஊர்ப் பக்கம் பாஞ்சோ என்று கேட்டால், சிலர் புல்புல் தாராவை எடுத்து நீட்டுவார்கள். தட்டச்சு எந்திரம் போலக் கட்டைகளை அழுத்தி, மற்றொரு கையால் கம்பியை மீட்டும் பெட்டி வாத்தியம் அது. ஜப்பானின் நகோயா நகரில் 1912ல் உருவான தைஷோகோடோ என்ற வாத்தியத்தின் வழிவந்தது. இந்தியாவில் அதற்கும் பாஞ்சோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நல்ல வாத்தியம்தான். ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல.

நீங்கள் கேட்கும் பாஞ்சோ, சுருக்கமாகச் சொன்னால், கழுத்து வைத்த மேளம். வட்டமான மர வளையத்தின் மேல் தோலை இழுத்துக் கட்டியிருக்கும். வளையத்தைச் சுற்றி வரிசையாகக் கொக்கிகள் அந்தத் தோலை விறைப்பாகப் பிடித்திருக்கும். முன்பு கன்றுத்தோல் போட்டார்கள். மழை நாளில் அது தொய்ந்துவிடும், வெயிலில் விறைத்துவிடும். 1950களின் கடைசியில் பிளாஸ்டிக் தோல் வந்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் போயிற்று. தோலின் மேல், கம்பிகளைத் தாங்கியபடி குதிரை நிற்கும். நம் வீணையிலும் வயலினிலும் சொல்லும் அதே குதிரைதான். அதை ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகளின் அழுத்தமே அதை நிறுத்தி வைத்திருக்கும்.

இந்த அமைப்பில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தோல் மெல்லியது என்பதால் கம்பியின் அதிர்வை ஒரே மூச்சில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் சத்தம் கணீரென்று வரும், ஆனால் உடனே அடங்கிவிடும். கிடாரில் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது நீளுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பாஞ்சோவில் அப்படி முடியாது. அடுத்த ஒலியை நீங்கள் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாஞ்சோ வாசிப்பவர்கள் எல்லோரும் கை ஓயாமல் வாசிப்பதற்குக் காரணம் இதுதான். ஒலி அடங்கும் அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதற்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விடை கண்டது. அந்த விடைகள்தான் நீங்கள் கடையில் பார்க்கும் வகைகள்.

முதலில் ஐந்து கம்பி. இதைத்தான் நான் வாசிக்கிறேன், இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன்.

இதை முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு ஐந்தாவது கம்பி ஏதோ உடைந்துபோன மாதிரி தெரியும். மற்ற நான்கும் கழுத்தின் உச்சியிலிருந்து வர, இது மட்டும் ஐந்தாவது ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள மெட்டு) பக்கத்தில், கழுத்தின் ஓரத்தில் தனியாக ஒரு பிருடையிலிருந்து, அதாவது சுருதி முறுக்கும் ஆணியிலிருந்து, புறப்படும். கட்டை விரலுக்கு மிக அருகில், மற்ற கம்பிகளுக்கு மேலே இருக்கும். கிடாரில் மேலே இருக்கும் கம்பி தடிமனானது, ஒலியில் தாழ்ந்தது. இங்கே மேலே இருப்பது மெல்லியது, எல்லாவற்றையும் விட உச்சத்தில் ஒலிப்பது. கிடார்காரர்களுக்கு முதல் வாரம் தலை சுற்றுவது இந்த இடத்தில்தான்.

சுருதி சேர்ப்பதை நம் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும். வழக்கமான ஜி டியூனிங்கில் மூன்றாவது கம்பியை சட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது கம்பி கீழ்ப் பஞ்சமம். இரண்டாவது அந்தர காந்தாரம். முதல் கம்பி பஞ்சமம். அந்தக் குட்டைக் கம்பி மேல் சட்ஜம். இடது கை எதையும் தொடாமலே மீட்டினால் ஒரு முழு மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டு) ஒலிக்கும். குட்டைக் கம்பியைப் பெரும்பாலும் இடது கையால் அழுத்துவதே இல்லை. அது பாட்டு முழுக்க அதே சட்ஜத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள் இருக்கின்றன அல்லவா, சுண்டுவிரலால் மீட்டித் தாளமும் சுருதியும் காட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. இங்கே அதைக் கட்டை விரல் செய்கிறது.

இந்தக் குட்டைக் கம்பி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் என்ற சுரைக்குடுக்கை வாத்தியத்திலும் இதே போலக் கட்டை விரலுக்கு ஒரு குட்டைக் கம்பி உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்கள் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் தங்கள் நினைவிலிருந்து சுரைக்குடுக்கையும் தோலும் வைத்து இந்த வாத்தியத்தை உருவாக்கினார்கள். ஜமைக்காவில் தான் பார்த்த அப்படிப்பட்ட வாத்தியங்களின் படத்தை ஹான்ஸ் ஸ்லோன் 1707ல் அச்சிட்டார். 1830கள், 40களில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் சுவீனி போன்ற வெள்ளையர்கள் இதைக் கறுப்பின மக்களிடமிருந்து கற்று, முகத்தில் கரி பூசிக்கொண்டு அவர்களையே கேலி செய்யும் மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். வாத்தியம் பரவியது அப்படித்தான். அதை உருவாக்கியவர்களின் பெயர் மறைந்ததும் அப்படித்தான். இன்றைக்கும் பாஞ்சோ என்றதும் பலர் மனதில் வருவது வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளை விவசாயி. வட கரோலினாவின் மெபேன் ஊர்க்காரர் ஜோ தாம்ப்சன் 2012ல் இறக்கும்வரை, கறுப்பினக் குடும்பங்களில் வழிவழியாக வந்த ஃபிடில் (நாட்டுப்புற இசையில் வயலினுக்குப் பெயர்), பாஞ்சோ இசையைக் காப்பாற்றி இளைஞர்களுக்குக் கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ரியானன் கிடன்ஸும் ஒருவர். பாஞ்சோ வாங்குவதற்கு முன் இவர்களுடைய கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவைக் கேளுங்கள். வாத்தியத்தைப் பற்றிய எண்ணமே மாறிவிடும்.

சரி, வாசிப்புக்கு வருவோம். ஐந்து கம்பி பாஞ்சோவில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று கிளாஹாமர், மற்றது மூன்று விரல் வழி. வாத்தியம் ஒன்றுதான், ஆனால் இரண்டிலும் கை போகும் திசையே எதிரெதிர்.

கிளாஹாமர்தான் பழையது. அகோன்டிங் வாசிப்பவரின் வலது கையைப் பார்த்தால் இதே அசைவு தெரியும். விரல்களைப் பாதி மடக்கி, பறவையின் நகக்கால் போல வைத்துக்கொள்ள வேண்டும். கம்பியைக் கொக்கி போட்டு இழுப்பதில்லை. ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரலின் நகத்தின் முதுகால் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். கதவைத் தட்டும்போது மணிக்கட்டு எப்படிப் போகுமோ அப்படி. விரல் தனியாக அசையக் கூடாது, கை மொத்தமாக இறங்க வேண்டும். நகம் கம்பியில் விழும் அதே கணத்தில் கட்டை விரல் குட்டைக் கம்பியின் மேல் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கையைத் தூக்கும்போது அது தானாக அந்தக் கம்பியைத் தெறித்துக்கொண்டு கிளம்பும். இந்த "உட்கார்ந்திருப்பது"தான் எல்லாமே. கட்டை விரலைத் தனியாக அனுப்பி அந்தக் கம்பியைத் தேடினால் தாளம் குலையும்.

அடிப்படை நடை ஒன்றே ஒன்றுதான். வாயால் சொல்லிப் பாருங்கள்: தாம், தக, தாம், தக. "தாம்" என்பது பாட்டின் சுரம், ஒரு கம்பியில் ஒரு தட்டு. "த" என்பது கீழ்க் கம்பிகள் எல்லாவற்றிலும் ஒரு வருடல். "க" என்பது கட்டை விரல். "தாம்" இரண்டு பங்கு நேரம், மற்ற இரண்டும் ஒவ்வொரு பங்கு. இதைச் சுருதி சேர்த்த வெறும் கம்பிகளில், இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் வாசியுங்கள். எனக்கு இது மூன்றாவது வாரத்தில், சமையலறையில் அரிசி வேகக் காத்திருந்தபோது பிடிபட்டது. கை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த நாள் வந்துவிட்டால் மீதியெல்லாம் இடது கை வேலை. அடுத்த கட்டம், கட்டை விரலைக் குட்டைக் கம்பியிலிருந்து இறக்கி உள் கம்பிகளிலும் சுரம் எடுப்பது. அதற்கு அவசரமே வேண்டாம்.

கிளாஹாமரில் ஒரே டியூனிங்கில் நிற்க மாட்டார்கள். அதில்தான் அழகே இருக்கிறது. ஜி டியூனிங்கில் இரண்டாவது கம்பியை அரைச் சுரம் ஏற்றினால் காந்தாரம் போய் மத்திமம் வரும். சாமில் டியூனிங் என்பார்கள். காந்தாரம் இல்லாத அந்த ஒலியில் ஒரு வெறுமை, ஒரு ஏக்கம் வரும். அப்பலேச்சிய மலைப் பாட்டுகளின் அந்தத் தனி நிறம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. டபுள் சி என்ற டியூனிங்கும் அடிக்கடி வரும். ஃபிடில்காரர்கள் டி சுருதியில் வாசிக்க ஆரம்பித்தால், டபுள் சி வைத்து இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ, அதாவது கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போட வேண்டும். ஆனால் கேப்போ நான்கு கம்பிகளைத்தான் பிடிக்கும். குட்டைக் கம்பியை என்ன செய்வது? அதற்காக ஏழாவது, ஒன்பதாவது ஃபிரெட்டுகளில் குட்டிக் குட்டி ஆணிகள் அடித்து வைத்திருப்பார்கள். கம்பியை அதன் அடியில் சொருகினால் சுருதி ஏறிவிடும். அந்த ஆணிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? பொம்மை ரயிலின் தண்டவாளத்துக்கு அடிக்கும் ஆணிகள். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, மூன்று விரல் வழி. வட கரோலினாவில் முன்பிருந்தே சிலர் மூன்று விரலால் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது ஏர்ல் ஸ்க்ரக்ஸை. 1945 டிசம்பரில் அவர் பில் மன்றோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் சேர்ந்தார். குழுவின் பெயரே ஓர் இசை வகைக்குப் பெயராகிப்போனது. கட்டை விரலில் பிளாஸ்டிக் பிக் (கம்பியை மீட்ட மாட்டும் நகம்), ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோகப் பிக். மோதிர விரலும் சுண்டுவிரலும் தோலின் மேல் ஊன்றி நிற்கும். இங்கே தட்டுவதில்லை. கட்டை விரல் கீழ்நோக்கியும் மற்ற இரண்டும் மேல்நோக்கியும் கம்பியை எடுக்கும்.

இந்த விரல் வரிசைகளுக்கு ரோல் என்று பெயர். ஒரு சுற்றுக்கு எட்டு ஒலி. ஃபார்வர்ட் ரோல் என்பதைப் பாருங்கள்: கட்டை, ஆள்காட்டி, நடு, கட்டை, ஆள்காட்டி, நடு, கட்டை, நடு. எண்ணிப் பார்த்தால் மூன்று, மூன்று, இரண்டு. நம் வாயில் தகிட தகிட தக. கீழே நாலு நாலாகத் தாளம் போய்க்கொண்டிருக்க, மேலே மூன்று மூன்றாக ஒலி புரளும். புளூகிராஸ் பாஞ்சோ உருண்டு ஓடுவது போலக் கேட்பதற்கு இந்த இடறல்தான் காரணம். வெறும் வேகம் அல்ல. மிருதங்கச் சொல்கட்டு தெரிந்தவர்கள் இதை ஒரே நாளில் புரிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். விரலுக்கு வர மாதங்கள் ஆகும், அது வேறு விஷயம். ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு முறை வரக் கூடாது. பாட்டின் சுரம் ரோலுக்குள் ஒளிந்திருக்கும். அந்த விரலை மட்டும் கொஞ்சம் அழுத்தி எடுத்தால் கேட்பவர் காதில் பாட்டு தனியாகத் தெரியும்.

1960களில் பில் கீத் என்ற பாஞ்சோ கலைஞர் இதை இன்னொரு பக்கம் கொண்டுபோனார். ஃபிடிலில் வரும் சுர வரிசையை ஒரு சுரம்கூட விடாமல் பாஞ்சோவில் எடுக்கும் வழி அது. மெலாடிக் பாணி என்கிறார்கள். பின்னால் வந்த பாஞ்சோ கலைஞர் பேலா ஃபிளெக் அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டார். ஜாகிர் உசேன், எட்கர் மேயர், ராகேஷ் சௌராசியா ஆகியோருடன் சேர்ந்து அவர் வாசித்ததற்கு 2024ல் இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. தபலாவுக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவில் பாஞ்சோ எவ்வளவு இயல்பாக உட்காருகிறது என்பதை அதில் கேட்கலாம்.

முதுகு மூடியதா, மூடாததா என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. பின்னால் கிண்ணம் போல ஒரு மர மூடி இருந்தால் அது ரெசொனேட்டர் பாஞ்சோ. பின்பக்கம் போகும் ஒலியை முன்னால் திருப்பி அனுப்பும். உள்ளே கனமான வெண்கல வளையமும் சேர்ந்தால் நாலரை, ஐந்து கிலோ வரை வரும், தோள் வலிக்கும். ஆனால் ஃபிடில், மாண்டலின் எல்லாவற்றுக்கும் நடுவில் ரோல்கள் கூர்மையாகக் கேட்கும். அதனால் புளூகிராஸ்காரர்களுக்கு இது. மூடாதது ஓப்பன் பேக். எடை குறைவு, ஒலி மிருது, கிளாஹாமருக்கு இதுதான் பொருத்தம். ஓப்பன் பேக்கில் மூன்று விரல் வழியைப் பழகலாம், ஒன்றும் குற்றமில்லை. அக்கம்பக்கத்தாரும் நிம்மதியாக இருப்பார்கள்.

நாலு கம்பி வகைகளின் கதை வேறு. அவற்றில் குட்டைக் கம்பி கிடையாது, விரலுக்குப் பதில் கையில் ஒரே ஒரு பிக். மைக் இல்லாத காலத்து நடன அரங்குகளில் டிரம்பெட், டிராம்போன் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி கார்ட் வாசிக்க ஒரு வாத்தியம் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு 1920களின் ஜாஸ் குழுக்கள் இவற்றை எடுத்துக்கொண்டன. பிளெக்ட்ரம் பாஞ்சோ என்பது ஐந்து கம்பியிலிருந்து குட்டைக் கம்பியை எடுத்துவிட்ட நீளக் கழுத்து, 22 ஃபிரெட். டெனர் பாஞ்சோ கழுத்து குட்டையானது, 17 அல்லது 19 ஃபிரெட். கம்பிகள் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் இருக்கும். 1930களில் கிடார் அந்த இடத்தைப் பிடித்தபோது இரண்டும் மேடையிலிருந்து மெல்ல இறங்கின.

டெனருக்கு இரண்டாவது வாழ்வு கொடுத்தது அயர்லாந்து. தி டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா, டெனரின் சுருதியைக் கீழே இறக்கி, வயலினின் அதே நான்கு சுருதிகளை ஒரு ஸ்தாயி தாழ்த்தி வைத்து வாசித்தார். அயர்லாந்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. இதனால் வயலின் தெரிந்தவருக்கு இடது கையில் சுரங்கள் இருக்கும் இடம் ஏற்கெனவே தெரியும். அங்கே கார்டுகளுக்கு வேலை இல்லை, பாட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக எடுப்பதுதான். ஒலி அடங்கும் இடைவெளிக்கு அவர்கள் கண்ட விடை டிரிப்லெட். ஒரே சுரத்தின் மேல் பிக்கைக் கீழ், மேல், கீழ் என்று பொடிப்பொடியாக மூன்று தடவை உருட்டுவது. கையை இறுக்கினால் அது வரவே வராது. பிக்கை விழுந்துவிடுமோ என்னும் அளவுக்குத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். என் ஆறு மாத முட்டலில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான், இன்றும் கை மறக்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு கம்பி பாஞ்சோவின் டியூனிங் அப்படியே கிடாருடையது. லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் வாசித்த ஜானி செயின்ட் சிர் கையில் அது அருமையான ஜாஸ் வாத்தியம். ஆனால் மேலே சொன்ன புளூகிராஸ் உருளலோ கிளாஹாமர் நடையோ அதில் வராது, கட்டை விரலுக்கு அந்தக் குட்டைக் கம்பி இல்லையே. பாஞ்சோலேலே என்பது பாஞ்சோ உடம்பில் உகுலேலேயின் கழுத்து. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபார்ம்பி அதை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தார். குழந்தைகளுக்கு அருமையானது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் தன் குரலுக்குத் தோதாகக் கழுத்தில் மூன்று ஃபிரெட் கூட்டி நீளக் கழுத்து பாஞ்சோ செய்துகொண்டார். பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு அது உதவும்.

நீங்கள் கிடார்காரர் என்பதால் ஆறு கம்பியை வாங்கச் சொல்லி யாராவது அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல் வாரமே வாசித்துவிடலாம் என்பது உண்மை, ஆனால் அது பாஞ்சோ உடம்பில் கிடார் வாசிப்பதுதான். ஐந்து கம்பி ஓப்பன் பேக்கில் ஆரம்பியுங்கள். டீரிங் நிறுவனத்தின் குட் டைம் (Goodtime) போன்ற எளிய மாடல் ஒன்று பல வருடம் தாங்கும். அதற்கும் குறைந்த விலையில் போனால் சுருதி நிற்காமல் நீங்கள்தான் சோர்ந்துபோவீர்கள். இடது கைக்காரராக இருந்தால் இடது கை மாடலைத்தான் வாங்க வேண்டும். கிடாரைப் போலக் கம்பிகளை மாற்றிக் கட்டிச் சமாளிக்க முடியாது, ஐந்தாவது பிருடை தவறான பக்கத்தில் போய்விடும்.

வாத்தியம் வீட்டுக்கு வந்ததும் முதலில் குதிரையைச் சரிபாருங்கள். பயணத்தில் அது நகர்ந்திருக்கும். முதல் கம்பியில் 12வது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டி, மணி போல வரும் ஒலியைக் கேளுங்கள். அப்புறம் அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையைக் கழுத்திலிருந்து தள்ளி, வால் பக்கமாக மயிரிழை நகர்த்துங்கள். இறங்கி ஒலித்தால் கழுத்துப் பக்கம். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு நகர்த்துவது நல்லது. இடம் சரியானதும் குதிரையின் கால்கள் நிற்கும் இடத்தில் தோலின் மேல் பென்சிலால் சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை விழுந்துவிடும், அந்தக் கோடு இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

அது முடிந்ததும் ஜி டியூனிங் வைத்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, தாம், தக, தாம், தக. இரண்டு வாரம் கழித்துக் கட்டை விரல் தானாக வந்து உட்காருகிறதா என்று எழுதுங்கள். அடுத்து எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.